நான் நீக்கிய பன்னிரண்டு பேர்

அயர்லாந்தின் கிரிமினல் கோர்ட்டுகளில் முப்பது வருடம் உட்கார்ந்து, ஆட்டுத் திருடனிலிருந்து கொலைகாரன் வரைக்கும் உள்ளே அனுப்பிய ஒரு ஜட்ஜின் கதையை டைப் அடித்தவன் நான். அடித்த இடம் தோஹாவில் ஒரு வக்கீல் ஆபீஸின் ஜன்னல் இல்லாத அறை. அடித்ததோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. கொஞ்சம் கையும் வைத்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. தோஹாவில் எங்கே பார்த்தாலும் கிரேன் நின்றது. எங்கள் முதலாளிக்கு ஊரறிந்த வக்கீல் ஆபீஸ் ஒன்று இருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் இருந்த போட்டி ஆபீஸ்காரர்கள் லண்டனிலிருந்து ஒரு வெள்ளைக்கார வக்கீலைக் கொண்டு வந்து வாசலில் பெயர்ப் பலகை மாட்டிவிட்டார்கள். முதலாளிக்குத் தூக்கம் போய்விட்டது. அவர்களிடம் வக்கீல் என்றால் நம்மிடம் ஜட்ஜ் என்று முடிவு செய்து, எங்கிருந்தோ இந்த அயர்லாந்துக்காரரைப் பிடித்துவிட்டார். அங்கே எழுபது வயதானால் ஜட்ஜுகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். மனைவி இறந்துபோய், பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் இருக்க, மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டு தனியாக இருந்தவர் சரி என்று கிளம்பி வந்துவிட்டார்.

வந்தவருக்கு என்ன வேலை என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பெரிய கட்சிக்காரர்கள் வந்தால் அவரைக் கூப்பிட்டு நடுநாயகமாக உட்கார வைப்பார்கள். நகைக்கடை திறப்பு விழாவுக்கு வரும் நடிகை மாதிரி அவர் எல்லோருக்கும் கை கொடுத்து, காவா என்கிற அரபிக் காபி குடித்து, இரண்டு பேரீச்சம்பழம் தின்றுவிட்டு எழுந்து போய்விடுவார். அவருடைய மாத வேலை அவ்வளவுதான். ஆறடிக்கு மேல் உயரம், வெயில் பட்டுச் சிவந்த மூக்கு, அதன் மேல் அப்பிய வெள்ளை கிரீம். முதல் வாரத்தில் அந்த மூக்கைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க நான் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சும்மா இருக்க முடியாமல் மனிதர் புத்தகம் எழுத ஆரம்பித்தார். எழுத என்றால் பேச. சின்ன டேப்பில் தன் கதையைப் பேசி, கேசட்டை ஒரு கவரில் போட்டு என் மேஜையில் வைத்துவிடுவார். நான் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, காலால் பெடலை மிதித்து மிதித்து நிறுத்திக் கேட்டு, கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். பட்டுக்கோட்டையில் டைப்ரைட்டிங் ஹையர் முதல் வகுப்பில் பாஸ் செய்தவன் நான், அதுவும் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும். அந்தத் திமிர் எனக்கு உண்டு. அது இந்தக் கதைக்கு அவசியம் என்பதால் சொல்கிறேன்.

என் நிலைமையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்ஃபில் எனக்கு அது இரண்டாவது வேலை, அப்போது ஆறு மாத ப்ரொபேஷன் ஓடிக்கொண்டிருந்தது. வேலை நிரந்தரமானால்தான் ஆபீஸ் லெட்டர் கொடுக்கும், லெட்டர் இருந்தால்தான் ஃபேமிலி விசா. கல்யாணமாகி நான்கு வருடத்தில் மனைவியோடு நான் இருந்தது மொத்தமாக இரண்டு லீவு. மகளுக்கு இரண்டரை வயது. நான் எல்லாம் முடிந்த மாதிரியே போனில் அளந்துவிட்டதில், என் மனைவி நர்சரி ஸ்கூல் டீச்சர் வேலையை விட்டுவிட்டாள், வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிட்டாள், ஃப்ரிட்ஜைக்கூட எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். இங்கே வேலை போனால் ஃப்ரிட்ஜ் இல்லாத, வீடும் இல்லாத ஒருத்தியிடம் நான் போய் நிற்க வேண்டும். என்னைப் பற்றி ரிப்போர்ட் கொடுக்க வேண்டியவர், நான் யாருக்காக டைப் அடிக்கிறேனோ அந்த ஜட்ஜ்.

தோஹாவில் நஜ்மா பகுதியில் என்னோடு ரூமில் இருந்த நான்கு பேருக்கும் ஜட்ஜ் என்றால் ஜட்ஜ்தான். எந்த நாட்டு ஜட்ஜ், ரிட்டயர் ஆனவரா என்றெல்லாம் அவர்கள் பார்க்கவில்லை. ஒருவன் சிக்னல் தாண்டிய ஃபைனைத் தள்ளுபடி செய்யச் சொல்லிப் பேப்பரைக் கொடுத்துவிட்டான். இன்னொருவனுக்கு அறந்தாங்கியில் சித்தப்பாவோடு வரப்புத் தகராறு. "நீ சும்மா காதுல போட்டு வை, அவரு ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்று தினமும் என் உயிரை எடுத்தான். தொல்லை தாங்காமல் ஒருநாள் டீ குடிக்கும்போது ஜட்ஜிடம் சொல்லியே விட்டேன். அவர் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சித்தப்பா என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். அதை ரூமில் வந்து சொன்னதும் இவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தாளப் பத்தி இவருக்கென்ன? இவரும் அவன்கிட்ட வாங்கித் தின்னுட்டாரா?" என்றான். அதோடு வழக்கு முடிந்தது.

கேசட்டில் வந்த கதை நன்றாகவே இருந்தது. அவருடைய ஆங்கிலம் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது. பழகிய பிறகு விடவே மனசில்லை. வக்கீலான புதிதில் டப்ளினில் வக்கீல்களுக்கான சட்ட நூலகத்தில் மற்ற வக்கீல்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, யாராவது வழக்குக்குக் கூப்பிட மாட்டார்களா என்று வருடக் கணக்கில் காத்திருந்தது. கோர்ட்டில் வக்கீல்கள் மாட்டும், குதிரை மயிரில் செய்த விக்கை வாடகைக்கு எடுத்து மாட்டி, முதல் நாளே தலையில் சொறி வந்தது. ஆளும் கட்சியில் இருந்த ஒரு பழைய கூட்டாளி வாயைத் திறந்ததால் ஜட்ஜ் ஆனது. இதை அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொல்லியிருந்தார். நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, நம்ம ஊரேதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஊர் ஊராகப் போய்க் கோர்ட் நடத்தியது. ஆடு திருட்டு, மாடு திருட்டு, மலையில் ஒளிந்து சாராயம் காய்ச்சியவன், சாராயக் கடையில் நாற்காலியை எடுத்து மைத்துனன் மண்டையில் போட்டவன். புதுக்கோட்டை ஜில்லாவைத் தூக்கி மழையில் வைத்த மாதிரி இருந்தது.

கேசட்டின் ஆரம்பத்திலேயே அவர் எனக்கு ஓர் உத்தரவு கொடுத்திருந்தார். "நான் கிழவன். சொன்னதையே சொல்வேன். திரும்பத் திரும்ப வருவதை எல்லாம் தயங்காமல் வெட்டிவிடு."

வெட்டினேன். அங்கேதான் வந்தது வினை.

ஒவ்வொரு வழக்கிலும் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஜூரி. ஜூரி வந்து உட்கார்ந்தது, ஜூரி எழுந்து உள்ளே போனது, ஜூரிக்கு டீயும் சாண்ட்விச்சும் போனது, இரண்டு மணி நேரம் கழித்து ஜூரி திரும்பி வந்தது. ஒரு வழக்கு பாக்கியில்லை. எனக்கு ஜூரி என்றால் சினிமாவுக்கு அவார்டு கொடுக்கும் குழு. கோர்ட்டில் அதற்கு என்ன வேலை? நான் வாழ்க்கையில் பார்த்த ஒரே கோர்ட் எங்கள் ஊர் முன்சிப் கோர்ட். டவாலி மூன்று தடவை பெயர் சொல்லிக் கத்துவார், நாம் ஓடிப் போய் நிற்க வேண்டும், ஜட்ஜ் தேதி போடுவார். பெஞ்சில் பன்னிரண்டு பேர் என்ன, நாற்பது பேர்கூட உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் தங்கள் வழக்குக்குக் காத்திருப்பவர்கள். அவர்கள் எழுந்து டீ குடிக்கப் போவதையெல்லாம் எவனாவது புத்தகத்தில் எழுதுவானா? திரும்பத் திரும்ப வரும் சமாசாரம்தானே என்று பன்னிரண்டு பேரையும் ஒட்டுமொத்தமாகத் தூக்கிவிட்டேன்.

அதில் ஒரு சிக்கல் வந்தது. வழக்கு முடியும் இடத்தில் எல்லாம், "ஜூரி அவனைக் குற்றவாளி என்றது" என்று வரும். ஜூரியை எடுத்துவிட்டால் தீர்ப்புச் சொல்ல யாருமில்லை. நான் யோசித்தேன். பெரிய மனிதர், தன்னடக்கம், தான் சொன்ன தீர்ப்பை மற்றவர்கள் சொன்ன மாதிரி சொல்லிக்கொள்கிறார் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். நாமோ முதலாளி தும்மினால்கூட அதற்கு ஒரு மாலை போடும் ஊரில் பிறந்தவர்கள். செய்தவருக்குப் பெயர் போய்ச் சேரட்டும் என்று ஒவ்வொரு இடத்திலும் "நான் அவனைக் குற்றவாளி என்று முடிவு செய்தேன்" என்று போட்டுவிட்டேன். படித்துப் பார்த்தபோது கம்பீரமாக இருந்தது. ரிப்போர்ட்டில் இதற்குத் தனியாக ஒரு வரி எழுதுவார் என்று வேறு நம்பினேன்.

இருநூற்றுச் சொச்சம் பக்கத்தை ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பைண்டு செய்து அவர் கையில் கொடுத்தேன். வெள்ளி, சனி லீவில் படித்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு நகலை ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்திருந்தேன். ரிசப்ஷனில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா அதை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆபீஸில் எனக்குத் தமிழ் பேச இருந்த ஒரே ஆள் அவர்தான். வாய் நீளம், மனசு நல்லது.

"தம்பி, உதை ஒருக்கா விளங்கப்படுத்தும். இந்தப் புத்தகத்திலை ஜூரியைக் காணேல்லையே?" என்றார்.

"ஜூரியா? அவங்க சும்மா உக்காந்திருந்தவங்கதானேக்கா. ஒரே தொணதொணப்பா வந்துச்சு, தூக்கிட்டேன்."

"தூக்கிப்போட்டீரோ! உமக்கென்ன விசரே? ஆள் குற்றவாளியோ இல்லையோ எண்டு சொல்லுறதே அவைதான். எங்கட பெரியப்பாவும் ஒருக்கா ஜூரியிலை இருந்தவர். எங்கட நாட்டிலை ஏழு பேர். உவற்றை நாட்டிலை பன்னிரண்டு பேராக்கும்."

"அப்ப ஜட்ஜு எதுக்குக்கா?"

"ஜட்ஜ் சட்டத்தைச் சொல்லுவார். அவை குற்றவாளி எண்டு சொன்னால் தண்டனையைக் குடுப்பார். நீர் என்ன செய்து வைச்சிருக்கிறீர் எண்டு தெரியுமே? முப்பது வருசத்துப் பழியையும் அந்த மனுசன்ரை ஒருத்தற்றை தலையிலை கட்டி விட்டிருக்கிறீர்."

நான் ஓடிப் போய் ஜட்ஜின் அறையைப் பார்த்தேன். பூட்டியிருந்தது. அன்றைக்கு மாலை ரூமில் எனக்காக ஒரு மாநாடே நடந்தது. வரப்புத் தகராறுக்காரன்தான் தலைமை. "வைரஸ்னு சொல்லுடா. கம்ப்யூட்டர்ல வைரஸ் பூந்து எல்லாத்தையும் தின்னுடுச்சுன்னு சொல்லு. மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சனையும் இல்ல, எவனும் கேக்க மாட்டான்" என்றான். அந்த வருடங்களில் கல்ஃபில் எந்த ஆபீஸில் எது காணாமல் போனாலும் வைரஸ் மேல்தான் பழி விழும். மற்ற மூன்று பேரும் அதையே சொன்னார்கள். அது தவிர, நாங்கள் வந்த முதல் நாளிலிருந்து படித்த பாடமும் ஒன்று இருந்தது. எதையும் ஒத்துக்கொள்ளாதே. ஒத்துக்கொண்டவன் அடுத்த ஃப்ளைட்டில் இருப்பான். மனைவி போன் செய்தபோது நான் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்ஸி பிடித்து கடற்கரைச் சாலையான கார்னிஷ் பக்கம் அவருடைய ஃபிளாட்டுக்குப் போனேன். அவர் படிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் எப்படியாவது அந்தக் கட்டைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று ஒரு நப்பாசை. கதவைத் திறந்தவரின் கையில் சிவப்புப் பேனா இருந்தது. மேஜை மேல் என் இருநூறு பக்கம் பாதிக்கு விரிந்து கிடந்தது.

அவர் உட்காரச் சொன்னார். நான் ஆரம்பித்தேன். சார், கம்ப்யூட்டரில் ஒரு வைரஸ், புது வகை, ஆபீஸில் எல்லோருக்கும் வந்திருக்கிறது, உங்கள் ஃபைலிலும் புகுந்து சில இடங்களை அழித்திருக்கிறது என்று. பொய் சொல்பவனை நடுவில் மறித்துத் திட்டினால் அவன் அழுதோ முறைத்தோ பிழைத்துக்கொள்வான். இந்த மனிதர் மறிக்கவே இல்லை. தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல மரியாதையாகத் தலையாட்டினார். முப்பது வருடம் எத்தனை ஆட்டுத் திருடர்கள் இந்தத் தலையாட்டலுக்கு எதிரே நின்றிருப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொய் போதுமான நீளத்துக்குப் போய்த் தானாகவே நின்றது.

"அந்த வைரஸ் ஜூரியை மட்டும் தின்றதா?" என்றார்.

"ஆமா சார்."

"தின்ற ஒவ்வொரு இடத்திலும் 'நான்' என்று டைப் அடித்து வைத்துவிட்டுப் போனதா?"

நான் மேஜை மேல் கிடந்த பக்கங்களைப் பார்த்தேன்.

"நன்றாகப் படித்த வைரஸ்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நான்தான் சார்" என்றேன். எங்கள் நாட்டில் ஜூரி கிடையாது, எனக்கு அது என்னவென்றே தெரியாது, உங்களுக்குப் பெருமை சேர்க்கத்தான் செய்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். விசாவையும் சொன்னேன். ஃப்ரிட்ஜையும் சொன்னேன். ஃப்ரிட்ஜை எதற்குச் சொன்னேன் என்று இன்று வரைக்கும் எனக்குப் புரியவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

அவர் முகம் முதலில் நன்றாகச் சிவந்தது. "முப்பது வருடத்தில் எத்தனையோ வக்கீல்கள் என் ஜூரியைக் கலைக்கப் பார்த்திருக்கிறார்கள். ஒருவராலும் முடியவில்லை. நீ சில மாதத்தில் மொத்தப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாய்" என்று கத்தினார். அதை முடிக்கும்போதே சிரிப்பு வந்து, இருமல் வந்து, தண்ணீர் குடிக்க வேண்டியதாகிவிட்டது. எனக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. டீ போட்டுத் தந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பென்சிலை என் கையில் கொடுத்து, பக்கம் ஒன்றிலிருந்து பன்னிரண்டு பேரையும் ஒவ்வொரு வழக்கிலும் திரும்ப உட்கார வைக்க ஆரம்பித்தார். அவர் சிவப்பில் அடிப்பார், நான் பென்சிலில் எழுதுவேன். ஆட்டுத் திருடனுக்கு ஜூரி வந்தது. மைத்துனன் மண்டைக்கு ஜூரி வந்தது. சாராயம் காய்ச்சியவனை அந்த ஊர் ஜூரி பத்தே நிமிடத்தில் விடுதலை செய்ததாம், அதில் நான்கு பேர் அவனுடைய வாடிக்கைக்காரர்கள் என்று ஊருக்கே தெரியுமாம். நான் அதை "நான் விடுதலை செய்தேன்" என்று போட்டிருந்தேன். "என் சொந்தக்காரர்கள் யாராவது இதைப் படித்திருந்தால் நானும் அவனிடம் குடித்தேன் என்று நினைத்திருப்பார்கள்" என்றார்.

இப்படியே பாதிப் புத்தகம் தாண்டி, போஸ்ட் ஆபீஸ் வழக்குக்கு வந்தோம்.

டைப் அடிக்கும்போதே எனக்கு அது சின்ன வழக்காகத்தான் தெரிந்தது. ஒரு சிற்றூரில் முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் போஸ்ட் ஆபீசில் புகுந்து கொள்ளையடித்திருக்கிறான். ஓடும்போது துணி நழுவி, தெருவில் நின்ற ஒரு பெண்மணி அவன் முகத்தைப் பார்த்திருக்கிறார். அந்த ஊரில் கூரை வேலை செய்யும் ஒருவனை அவர் அடையாளம் காட்டினார். வேறு சாட்சி கிடையாது. கேசட்டில் அந்தப் பகுதி சீக்கிரமே முடிந்துவிடும். நான் ஜூரியைத் தூக்கிவிட்டு, "நான் அவனைக் குற்றவாளி என்று முடிவு செய்தேன், ஏழு வருடம் கொடுத்தேன்" என்று அடித்திருந்தேன்.

ஜட்ஜ் அந்த வரியைப் படித்தார். சிவப்புப் பேனா அதன் மேல் வந்து நின்றது. நான் பென்சிலோடு தயாராக இருந்தேன். பேனா இறங்கவில்லை.

"சார், இதுலயும் ஜூரிதானே?" என்றேன்.

"ஜூரிதான்" என்றார். பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, "அந்த அம்மாள் பார்த்தது ஒரு விநாடி. மழை வேறு. அவர் சொன்னது தப்பு என்று அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரியும்" என்றார்.

நான் புரியாமல் பார்த்தேன். அவர் கோபமில்லாமல், எனக்குப் பாடம் நடத்துவது போல விளக்கினார். சாட்சி போதாது என்று ஜட்ஜுக்குத் தோன்றினால், ஜூரியிடம் வழக்கை விடாமலேயே, இவனை விடுதலை செய்யுங்கள் என்று அவர்களுக்கு உத்தரவு போடலாம். அந்த அதிகாரம் அவருக்கு இருந்தது. அந்த ஊரில் எல்லோரும் கொதித்துப் போயிருந்தார்கள். பேப்பர்காரர்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜட்ஜானது புதிது. அவர் ஜூரிக்கு எச்சரிக்கை மட்டும் சொன்னார், ஒற்றை ஆள் அடையாளம் காட்டினால் ஜாக்கிரதையாகப் பாருங்கள் என்று. அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டார்கள். நான்கு வருடம் கழித்து வேறொருவன் சாகக் கிடக்கும்போது அந்தக் கொள்ளையை ஒப்புக்கொண்டான்.

"அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லி வந்திருக்கிறேன். முடிவு செய்தது ஜூரி, என் கை கட்டப்பட்டிருந்தது என்று. என் மனைவியிடமே அப்படித்தான் சொன்னேன். இந்த கேசட்டிலும் அதைத்தான் சொன்னேன்" என்றார்.

எனக்கு அந்தக் கிழவரின் மேல் பாவமாகப் போய்விட்டது. என் முட்டாள்தனத்தால்தானே இந்த வரி வந்தது என்று, "சார், நான் ஜூரிய எழுதிடறேன், அதான் சட்டப்படி சரி" என்று பென்சிலை வைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். கொஞ்சம் வலிக்கும்படியாகவே தள்ளினார்.

"இதை விடு. இருநூறு பக்கத்தில் நீ சரியாக அடித்தது இந்த ஒரு வரிதான்."

மீதிப் பக்கங்களை அவர் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னை அனுப்பிவிட்டார். ரிப்போர்ட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. திரும்பி வந்ததும் மனைவிக்குப் போன் செய்து, சாமான்களைக் கட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். "கட்டியாச்சே" என்றாள். ஏன் என்று அவள் கேட்டதற்கு லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையே விஷயம் எங்கள் ஆபீஸின் ஹிந்திக்கார மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று தெரியாது, அந்த ஆபீஸில் சுவரும் ஹிந்தி பேசும். மேனேஜரின் மைத்துனர் ஒருவர் ஊரில் வேலை தேடிக்கொண்டிருந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு வாரம் நான் புத்தகத்தை முதலிலிருந்து அடித்தேன். ப்ரொபேஷன் முடியும் அன்று மேனேஜர் என்னையும் ஜட்ஜையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். ரிப்போர்ட்டை ஜட்ஜ் மட்டும் எழுதுவார் என்று இருந்ததை, மூன்று பேர் கொண்ட குழு என்று மாற்றியிருந்தார். மேஜையில் ஒரு ஃபாரம். "குழு இவரை நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கவில்லை" என்று ஏற்கெனவே டைப் செய்திருந்தது. மேனேஜர் கையெழுத்து இருந்தது. மேஜை ஓரத்தில் என்னை நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்த அக்கவுண்ட்ஸ்காரரின் கையெழுத்தும் இருந்தது. மூன்றாவது இடம் காலி.

"சார், இது சும்மா ரொட்டீன்" என்றார் மேனேஜர், ஆங்கிலத்தில், குழைவாக. "குழு முடிவு. மூன்று பேர் கையெழுத்து என்பதால் தனியாக யார் மேலும் பொறுப்பு வராது. நீங்கள் இதில் கஷ்டப்படத் தேவையே இல்லை."

ஜட்ஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபாரத்தைக் கடைசி எழுத்து வரைக்கும் படித்தார். என் மனசில் ஓடியதெல்லாம் ஒன்றுதான், கட்டி வைத்த சாமான்களுக்கு நடுவில் அவள் எப்படிப் பாய் விரித்துப் படுக்கிறாளோ என்று.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து "குழு" என்ற வார்த்தையை அடித்தார். அந்த வரியில் மீதி இருந்ததையும் அடித்தார். மற்ற இருவரின் கையெழுத்தையும், அதிலே ஒன்றும் கோபம் காட்டாமல், நிதானமாக ஒரு கோடு போட்டு அடித்தார். மேனேஜர் எழுந்தே விட்டார். ஜட்ஜ் ஓரத்தில் எழுதினார்: இவர் செய்த தவறு முழுவதும் எனக்குத் தெரியும். இவர் இங்கே இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்கிறேன். கீழே தன் பெயரை மட்டும் போட்டார்.

மேனேஜர் அதைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் ஓடினார். முதலாளிக்கு மேனேஜரின் மைத்துனரைவிட ஜட்ஜ் முக்கியம், போட்டி ஆபீஸில் இன்னும் வக்கீல்தான் இருந்தார். விஷயம் முடிந்தது என்று அர்த்தம் வரும் "கலாஸ்" என்ற ஒரே அரபி வார்த்தையில் முடித்து அனுப்பிவிட்டார்.

நான் ஜட்ஜின் அறைக்குப் போய் நின்றேன். நன்றி சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. கிரீம் பூசிய அந்த மூக்குக்கு எதிரே நின்று, ஒரு காலத்தில் சிரிப்பை அடக்கியவன், விசும்பி விசும்பி அழுதேன். அவர் டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு, நான் ஓயும் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் மனைவி எப்போது வருவார்?" என்று கேட்டார்.

"லெட்டர் கிடைச்சா ரெண்டு மாசத்துல வந்துடுவா சார்."

"அந்தக் கூரை வேலைக்காரன் வெளியே வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அவனுடைய மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். வேறு ஒருவனோடு வாழ்கிறாள் என்று அவனுடைய உறவினர்கள் எனக்கு எழுதியிருந்தார்கள். நான் அந்தக் கடிதத்துக்குப் பதில் போடவில்லை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, வேலை சொல்லும் குரலில் சொன்னார். "அது புத்தகத்தில் இல்லை. அந்த வரிக்கு அடுத்து அதைச் சேர்த்துவிடு."

மனைவிக்குப் போன் செய்வதற்கு முன்னால் நான் போய் அதை அடித்து முடித்தேன்.